ஸ்பைடர்மேன் ஆறுமுகமும் நம் தோட்டத்துத் திடலும்

(நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் பேசியது. வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று பேச்சு நடையிலேயே தருகிறோம்.)



நாம் கூடினால் என்ன பேசுவோம்? சம்பளம், வீடு, தமிழ்ப்பள்ளி, கோயில் நிலம். இன்றைக்கு நான் ஒரு பந்து விளையாட்டுக்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "உரிமைக் கூட்டத்தில் பந்துக் கதை எதற்கு?" என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இந்தக் கதை சுற்றிச் சுற்றிக் கடைசியில் நம் வீட்டு வாசலுக்குத்தான் வந்து நிற்கும்.

அவர் பெயர் ஆர். ஆறுமுகம். மலேசியாவின் கோல் காவலர். நாடு முழுக்க அவரை "ஸ்பைடர்மேன்" என்று கூப்பிட்டது. கைகள் அவ்வளவு நீளம். மூலைக்குப் போகிற பந்தை எட்டுக்கால் பூச்சி மாதிரி தாவிப் பிடிப்பார்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பெயரைச் சொன்னதுமே முன் வரிசையில் இரண்டு மூன்று ஐயாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பின்னால் நிற்கிற பிள்ளைகளுக்காகத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஆறுமுகம் 1953 ஜனவரி 31ஆம் தேதி போர்ட் கிள்ளானில் பிறந்தவர். நம் மாநிலத்துக்காரர் இல்லை, சிலாங்கூர்க்காரர். இருபது வயதில், 1973ல், தேசிய அணிக்குள் வந்தார். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் மலேசியாவின் கோல் வாசல் அவருடையது. நூறு ஆட்டங்களுக்கு மேல் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். 1974ல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா காற்பந்தில் வெண்கலம் வாங்கியது. 1962ல் ஒரு வெண்கலம், 1974ல் ஒரு வெண்கலம், அதோடு சரி. அந்தப் போட்டியில் அதற்குப் பிறகு நமக்குக் காற்பந்துப் பதக்கமே கிடையாது. 1977லும் 1979லும் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அணிகளிலும் அவர் இருந்தார்.

1988 டிசம்பர் 18ஆம் தேதி கார் விபத்தில் இறந்துபோனார். வயது 35. இன்னும் ஆறு வாரம் இருந்திருந்தால் 36.

அந்தச் செய்தி வந்தபோது நான் சின்னப் பையன். பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். மறுநாள் பெரட்டுக் களத்தில் எல்லாரும் இதைத்தான் பேசினார்கள். பால் வெட்டப் போகிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று பேசினார்கள். சொந்தக்காரர் செத்த வீட்டில் பேசுவது மாதிரி சத்தமில்லாமல் பேசினார்கள். அவரை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால், ஒரு கை விரல் போதும். ஆனால் துக்கம் எல்லாருக்கும் இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் நெகிரி ரசிகர்கள். 1948ல் நெகிரி செம்பிலான் கிண்ணம் வென்றது. அப்போது அதற்கு மலாயாக் கிண்ணம் என்று பெயர். அடுத்த தடவை வென்றது எப்போது தெரியுமா? 2009ல். இடையில் 61 வருஷம்! தாத்தா பார்த்ததைப் பேரன் வந்துதான் மறுபடியும் பார்த்தான். அந்த 61 வருஷத்தில் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனது யார்? சிலாங்கூர். அந்தச் சிலாங்கூரின் கோல் வாசலில் நின்றது யார்? ஆறுமுகம். அதாவது நாம் அடிக்கிற பந்தைப் பிடித்துப் போடுகிற ஆள். நியாயப்படி நாம் அவரைத் திட்ட வேண்டும். ஆனால் நம் ஐயாக்கள் என்ன சொன்னார்கள்? "நெகிரி ஜெயிக்கணும். ஆனா நம்ம ஆறுமுகத்துக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது."

அந்த "நம்ம" என்ற சொல் எங்கிருந்து வந்தது? அதைத்தான் இன்று யோசிக்கச் சொல்கிறேன்.

அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இருட்டு விலகுவதற்குள் பெரட்டு. நெற்றி விளக்கோடு காட்டுக்குள் போக வேண்டும். மரம் மரமாகக் கோடு போட்டு, மங்கு மங்காகப் பால் சேர்த்து, ஸ்டோரில் எடை போட்டு, வீட்டுக்கு வந்து சேர மத்தியானம் ஆகிவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. நாட்டின் ஏற்றுமதியில் கித்தா முதலிடத்தில் இருந்த காலத்திலேயே அதை வெட்டியவன் வீட்டில் மாதக் கடைசியில் அரிசி இருக்காது. ஒரு தமிழன் படத்தைப் பத்திரிகையில் போட்டு, பக்கத்தில் நல்லதாக நாலு வரி எழுதியதை நம் ஆட்கள் எப்போதாவதுதான் பார்த்தார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் நம் கறுப்பு நிறத்தில், நம் வீட்டுப் பெயரில் ஒருவர் நாட்டின் கடைசி ஆளாக நிற்கிறார். முன்னால் பத்துப் பேர். அவர்களைத் தாண்டி எதிரி வந்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆறுமுகம் மட்டும். மலாய்க்காரர், சீனர், சீக்கியர், தமிழர் என்று மொத்த நாடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தமிழனின் இரண்டு கைகளை நம்பி உட்கார்ந்திருந்தது. மற்ற நேரத்தில் நம்மைத் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட அந்தத் தொண்ணூறு நிமிடம் "ஆறுமுகம்! ஆறுமுகம்!" என்று கத்தினார்கள். இதைக் கேட்ட தோட்டத்துப் பையனுக்கு முதுகெலும்பு நிமிராதா?

அதற்கு முன்பெல்லாம் தோட்டத்துத் திடலில் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்க யாரும் வர மாட்டான். எல்லாருக்கும் கோல் அடிக்கத்தான் ஆசை. சின்னவன் யாரோ, ஓட முடியாதவன் யாரோ, அவனைத்தான் பிடித்து நிறுத்துவார்கள். ஆறுமுகம் வந்த பிறகு கதை மாறிப்போனது. "நான்தான் கோலி" என்று சண்டை! காலில் சப்பாத்து இல்லை, கையில் உறை இல்லை. கம்பம் என்பது நட்டு வைத்த இரண்டு மூங்கில். ஆனால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பான் பாருங்கள், அவன்தான் அன்றைக்கு மெர்டேக்கா அரங்கத்தில் நிற்கிறவன். விழுந்து விழுந்து முட்டியெல்லாம் புண்ணாகி வீட்டுக்குப் போவான். அம்மா ஒரு பக்கம் மஞ்சள் போடுவார், இன்னொரு பக்கம் அடி போடுவார்.

இனி 1980ஆம் ஆண்டுக் கதைக்கு வருகிறேன். இதைக் கவனமாகக் கேளுங்கள்.

1980 ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. மெர்டேக்கா அரங்கம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போவது யார் என்று முடிவு செய்யும் ஆட்டம். எதிரே தென் கொரியா. நம் பக்கம் கேப்டன் சோ சின் ஆன், சந்தோக் சிங், ஜமால் நாசிர், சுக்கோர் சாலே, சபாவிலிருந்து வந்த ஜேம்ஸ் வோங், ஹசான் சானி. கோல் வாசலில் ஆறுமுகம். இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். மலேசியா என்றால் என்ன என்று யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

மலேசியா 2, தென் கொரியா 1. ஒலிம்பிக் டிக்கெட் கையில்.

ஆனால் அவர்கள் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்திருந்தது. அதைக் கண்டித்து மாஸ்கோவுக்குப் போகாதீர்கள் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் உலகத்தைக் கேட்டார். 60க்கும் மேற்பட்ட நாடுகள் போகவில்லை. மலேசியாவும் போகவில்லை. நமக்குப் பதிலாக ஈராக் போய் ஆடியது. அதற்குப் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதே இல்லை.

அந்த முடிவு சரியா தவறா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. நாடுகளுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். மண்ணில் விழுந்து புரண்டு சம்பாதித்தது பதினொரு பேர். அதை வேண்டாம் என்று முடிவு செய்தது எங்கேயோ உட்கார்ந்திருந்த வேறு சிலர். ஆடியவர்களை யாரும் கேட்கவில்லை. ஆறுமுகத்துக்கு அப்போது வயது 27. ஒரு கோல் காவலருக்கு நல்ல வயது. அந்த வாய்ப்பு அவருக்குத் திரும்ப வரவே இல்லை.

இது உங்களுக்கு எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லையா? நம் தோட்டங்களில் நடந்தது என்ன?

ஒரு நாள் பெரட்டில் சொல்வார்கள்: "தோட்டம் கைமாறிவிட்டது." அவ்வளவுதான். மூன்று தலைமுறை காட்டை வெட்டி, கித்தா நட்டு, பாம்புக் கடியும் மலேரியாவும் தாங்கி, பிறகு கித்தாவை அழித்துச் செம்பனையும் நட்டது நாம். விற்பது என்று முடிவு செய்தது வேறு யாரோ. நம்மை யாரும் கேட்கவில்லை.

கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். ஆட்குறைப்புச் சலுகைக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறை ஒன்று இருக்கிறது. பாருங்கள், அதுவும் அதே 1980தான்! ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 20 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் என்றால் 15 நாள். அதற்கும் கீழே என்றால் 10 நாள். இது குறைந்தபட்சக் கணக்கு. இந்தக் கணக்கில் வீடு இல்லை. கோயில் இல்லை. பிள்ளை விளையாடிய திடலும் இல்லை. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கும் வசதிகளுக்கும் 1990ல் 446ஆம் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் முதலாளியைக் கட்டுப்படுத்துவது நீங்கள் அங்கே வேலையாளாக இருக்கும் வரைதான். வேலை போனால் அந்தப் பாதுகாப்பும் கூடவே போய்விடுகிறது.

நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். செண்டாயான் தோட்டம் இருந்த பக்கம் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான். செனவாங் பக்கம் தொழிற்பேட்டையும் தாமான்களும். 1998ல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு நீலாய், லாபு பக்கமெல்லாம் நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. 2018ல் "மலேசியா விஷன் வேலி 2.0" என்ற பெரிய திட்டத்தை அறிவித்தார்கள். சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களின் தோட்ட நிலங்கள் அதற்குள் வருகின்றன. ஆகவே விற்பது முடிந்துபோன கதை இல்லை. இன்னும் நடக்கப் போகிற கதை.

நாம் என்ன கேட்டோம்? வீடு கேட்டோம். சரிதான், அது முதலில் வேண்டும். பள்ளி கேட்டோம். நெகிரியில் இன்று 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் பெயரிலேயே "தோட்டம்" ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோயில் கேட்டோம். சுடுகாடு கேட்டோம். 2007 நவம்பர் 25ல் கோலாலம்பூர் வீதியில் இறங்கிக் கேட்டோம். ஆனால் திடலைக் கேட்டோமா? எத்தனை மனுக்களில் திடல் என்ற சொல்லை எழுதினோம்?

"திடல் என்ன பெரிய விஷயம், வெறும் புல்தரைதானே" என்று சிலர் நினைக்கலாம். அந்தப் புல்தரை நமக்கு என்னவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி அங்கேதான். திருவிழாவுக்குக் கொட்டகை போட்டது அங்கேதான். வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியது அங்கேதான். தொழிற்சங்கத் தலைவர் வந்தால் ஆள் கூடியது அங்கேதான். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் லாரி ஏறி வந்து பந்து ஆடியதும் அங்கேதான். எத்தனை கல்யாணப் பேச்சு அந்த ஆட்டங்களில் தொடங்கியது என்று பாட்டிமார்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

பழைய தோட்ட வாழ்க்கையை நான் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். கள்ளுக்கடை இருந்தது, கடன் இருந்தது, துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிற வழக்கம் இருந்தது. திடல்கூட நம் சொத்து இல்லை. நிர்வாகம் கொடுத்தது. தொழிலாளி வெளியே போகாமல் உள்ளேயே இருக்கட்டும் என்று அவர்கள் தங்கள் வசதிக்காகப் போட்டுக் கொடுத்தது. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தத் திடலில் கிராணி மகனும் வெட்டுக்காரன் மகனும் ஒரே பந்தைத்தான் உதைத்தார்கள். யாருடைய அப்பாவுக்கு என்ன சம்பளம் என்று பந்துக்குத் தெரியாது. காசு கொடுக்காமல் ஒருவன் தன் திறமையைக் காட்டக்கூடிய ஒரே இடம் அதுதான்.

என் தோட்டமும் விற்கப்பட்டது. எங்களுக்கு நகரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு கிடைத்தது. குழாயில் தண்ணீர் வந்தது, சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிந்தது, அம்மா சந்தோஷப்பட்டார். ஆனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் என் தம்பி எங்கே போவது என்று தெரியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். கீழே இருந்தது கார் நிறுத்துமிடம். பந்தை உதைத்தால் கார்க்காரர் திட்டுவார். பிறகு என்ன? கடைவரிசைக்குப் போனான். அங்கே மாடியில் பூல் மேசை இருந்தது.

பூல் விளையாடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அதிலும் கண் வேண்டும், கை நிதானம் வேண்டும். நம் பிள்ளைகளில் அதில் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர். நாம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறோம். அந்த மேசையைச் சுற்றியும் நல்ல நட்பு வளர்ந்திருக்கிறது. ஒரு நல்ல ஆட்டக்காரன் இறந்துபோனால், அந்தக் கடைவரிசையே அன்று விளக்கை அணைத்துவிட்டு மயானத்துக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது வேறு. அங்கே மேசைக்குக் காசு. இன்றைக்கு ஃபுட்சால் ஆட வேண்டுமானால் மணிக்கணக்கில் வாடகை. 2013ல் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கியது. 2025ல் 1,700 வெள்ளி ஆனது. அந்தச் சம்பளத்தில் வாடகை, மோட்டார் தவணை, சாப்பாடு போக மூன்று பிள்ளைகளின் விளையாட்டுக்கு எத்தனை வெள்ளி ஒதுக்க முடியும்? தோட்டத்தில் இலவசமாகக் கிடைத்த ஒன்று நகரத்துக்கு வந்ததும் காசு உள்ளவனுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

பிறகு நாமே மேடை ஏறிச் சொல்கிறோம்: "நம் பையன்கள் கெட்டுப் போய்விட்டார்கள். குண்டர் கும்பலில் சேர்கிறார்கள்." அவன் போய் நிற்க நாம் ஓர் இடம் விட்டு வைத்தோமா? சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனைக் கூப்பிட நம்மிடம் ஒரு திடல் இல்லை. கூப்பிட்டவன் எவனோ, அவன் பின்னால் போனான்.

"அது சரி, நம் பிள்ளைகளிடம் அந்தத் திறமை இன்னும் இருக்கிறதா?" என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. ஆறுமுகம் ஆடிய அதே காலத்தில் ஆடிய கே. ராஜகோபால் பிற்பாடு தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார். 2009ல் லாவோசில் சீ விளையாட்டுப் போட்டித் தங்கம் அவர் பயிற்சியில் வந்தது. 1989க்குப் பிறகு 20 ஆண்டு கழித்து வந்த தங்கம் அது. அடுத்த ஆண்டே தென்கிழக்காசியக் கிண்ணத்தையும் மலேசியா முதல் முறையாக வென்றது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி கீழிருந்து படிப்படியாக ஏறி உச்ச லீக் வரைக்கும் போனது. பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி ஆடி, 2022 பருவத்தோடு லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதாவது திறமை மேலே வரைக்கும் போகிறது. அதைத் தொடர்ந்து தாங்கிப் பிடிக்க அடியில் மண் இல்லை. அந்த மண்தான் திடல்.

2016ல் "ஓலா போலா" என்ற படம் வந்தது. 1980 அணியை மனதில் வைத்து எடுத்த படம். அதில் கோல் காவலர் முத்து என்ற தமிழ்ப் பையன். தியேட்டரில் எல்லா இனத்தவரும் கைதட்டினார்கள், நம் ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்லது. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்த நம் பையன், "அப்பா, நானும் கோலியா நிக்கணும்" என்று சொன்னால், அவனை எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்? படத்தில் அழுவதற்கு ஆறுமுகம் வேண்டும், ஊரில் நிற்பதற்கு ஆறுமுகம் வேண்டாமா?

ஆகவே சும்மா நினைவு கூர்ந்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கலைய வேண்டாம். வேலை செய்வோம். நான்கு காரியம் சொல்கிறேன். நான்கும் நம்மால் முடிந்தவை.

முதலாவது. உங்கள் தோட்டத்தில் இன்னும் திடல் இருந்தால், போய் அளந்து பாருங்கள். படம் எடுங்கள். எந்த ஆண்டிலிருந்து இருக்கிறது, என்னென்ன நடந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய அணிப் படங்கள் சாமி அறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை நகல் எடுங்கள். நாளைக்கு "இங்கே திடலே இருந்ததில்லை" என்று யாராவது சொன்னால் காட்டுவதற்கு இதுதான் ஆதாரம்.

இரண்டாவது. தோட்டம் விற்கப்படும் பேச்சு வந்தால், மனுவின் முதல் பக்கத்திலேயே வீடு, பள்ளி, கோயில், திடல் என்று நான்கையும் சேர்த்து எழுதுங்கள். திடலைக் கடைசிப் பக்கத்தில் போட்டால் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

மூன்றாவது. வீடமைப்புத் திட்டம் வந்தால் நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு விட வேண்டும் என்பது நகரத் திட்டமிடல் துறையின் வழிகாட்டி. "எங்கள் பகுதிக்கு அந்தப் பத்து விழுக்காடு எங்கே?" என்று மன்றத்தில் போய்க் கேளுங்கள். பல இடங்களில் அது சரிவாகவும் சாக்கடை ஓரமாகவும்தான் இருக்கும். அங்கே பந்து ஆட முடியாது. சமமான தரையைக் கேளுங்கள். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு மாவட்டத்துக்கு உள்ளூர்த் திட்டம் வரையும்போது அதை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அந்த அறிவிப்பு வரும்போது நாம் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது. ஒவ்வோர் ஊரிலும் இரண்டு இளைஞர்கள் அதைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நான்காவது. தமிழ்ப்பள்ளியை மறக்காதீர்கள். தனியார் தோட்ட நிலத்தில் இருக்கிற பல பள்ளிகள் இன்னும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருக்கின்றன. பள்ளியை இடம் மாற்றும்போது கட்டடத்தின் அழகைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். "ஓட இடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள். நம் அக்காமார் தங்கைமார் வாசலில் கோலம் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்த காலம் போகட்டும். இனி அவர்களும் கோல் வாசலில் நிற்கட்டும்.

முடிக்கப் போகிறேன்.

ஆறுமுகம் கோல் அடித்து நாட்டுக்குப் பேர் வாங்கியவர் இல்லை. வந்ததைத் தடுத்துப் பேர் வாங்கியவர். கோல் காவலர் எத்தனை பந்து பிடித்தாலும் ஏட்டில் கணக்கு வராது, விட்ட ஒன்றுதான் வரும். நம் ஐயாக்களும் அம்மாக்களும் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அவர்கள் தடுத்து நிறுத்திய பசி எத்தனை, நோய் எத்தனை, அவமானம் எத்தனை, எந்த ஏட்டிலும் இல்லை. அதனால்தான் பார்த்தே இராத ஒரு மனிதர் இறந்தபோது பெரட்டுக் களத்தில் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். அவரிடம் அவர்கள் தங்களையே பார்த்தார்கள். "நம்ம ஆறுமுகம்" என்று சொன்னதன் அர்த்தம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வருகிற டிசம்பர் 18ஆம் தேதி உங்கள் ஊரில் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிப் போங்கள். பெரிய விழா வேண்டாம், மாலை வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு சின்னப் பிள்ளையைக் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தி, "கையை விரிடா" என்று சொல்லுங்கள். இப்படி நின்ற ஒருவர் நமக்கு இருந்தார் என்று கதை சொல்லுங்கள்.

திடல் இல்லாத ஊரா? அப்படியானால் அன்றைக்கு அந்த மனுவை எழுதத் தொடங்குங்கள்.